கேட்ல மாட்டிட்டுப் போன பத்திரிகை

நான் வீட்லதாங்க இருந்தேன். அத மொதல்ல சொல்லிடுறேன். ஈசூன்ல, என் வீட்ல, என் சோபாவுல, பனியனோட உக்காந்து டிவி பாத்துக்கிட்டு இருந்தேன். டிவி சத்தம் லிஃப்ட் வரைக்கும் கேக்கும். என் பெஞ்சாதி தங்கம் அடுப்படியில மீன் பொரிச்சிக்கிட்டு இருந்தா, அந்த வாசம் அடுத்த பிளாக் வரைக்கும் போகும். வீட்ல ஆளு இருக்குன்னு கண்ணு தெரியாதவனுக்கும் தெரியும், காது கேக்காதவனுக்கும் தெரியும். யுனிவர்சிட்டியில மூணாவது வருசம் படிக்கிற என் தங்கச்சி மவனுக்கு மட்டும் தெரியல.

கேட்ல என்னமோ சரசரன்னுச்சு. பூனையா இருக்கும்னு விட்டுட்டேன். கொஞ்ச நேரத்துல போன்ல மணி அடிச்சிச்சு. எடுத்துப் பாத்தா ஒரு படம். என் வீட்டு கேட்டு. அதுல ஒரு காகிதப் பை தொங்குது. கீழ இங்கிலீசுல ஒரு வரி: ஹாய் மாமா, பத்திரிகையும் பழமும் கேட்ல மாட்டியிருக்கேன், தேங்க்யூ.

எழுந்து போயி கதவத் தொறந்தேன். பை இருக்கு, பையன் இல்ல. லிஃப்ட் கீழ போய்க்கிட்டு இருக்கு.

ஆன்லைன்ல செருப்பு வாங்கினா பொட்டலக்காரன் இப்படித்தான் வாசல்ல வெச்சிட்டு, படம் புடிச்சி அனுப்பிட்டு ஓடுவான். அவன நான் கொற சொல்ல மாட்டேன். அவனுக்கு அடுத்த வீடு, அடுத்த பிளாக்னு ஓட்டமா இருக்கும். இந்தத் தொரைக்கு என்ன அவசரம்? இவன் கொண்டு வந்தது சொந்த அக்காவோட கல்யாணப் பத்திரிகை. தாய்மாமனுக்கு வெக்கிற பத்திரிகை.

எங்க ஆளுங்களுக்குள்ள ஒரு மொற இருக்கு. வேதத்துல சேந்து எத்தனையோ தலமொற ஆயிடுச்சு, இத மட்டும் விடல. அடிச்சு வந்த பத்திரிகையில மொதல் ஒண்ண மாதா சுருபத்துகிட்ட வெச்சு சாமியார்கிட்ட மந்திரிச்சு வாங்குவோம். அடுத்தது தாய்மாமனுக்கு. தட்டுல பழம், கல்கண்டு, பூவு வெச்சி, வீட்டுக்குள்ள வந்து, மாமனையும் அத்தையையும் சேந்தாப்புல நிக்கவெச்சி, ரெண்டு கையால குடுத்து, 'குடும்பத்தோட வந்து நின்னு நடத்திக் குடுக்கணும்'னு வாயத் தொறந்து கூப்பிடணும். வாயால கூப்பிட்டாத்தான் அது அழைப்பு. இல்லாட்டி அது வெறும் அட்டை.

இந்தக் கல்யாணத்துல என் பங்கு இன்னும் பெருசு. கல்யாணப் பொண்ணு செரினா என் தங்கச்சி பிலோமினம்மாளோட மவ. அவ பள்ளிக்கூடம் போய்க்கிட்டு இருந்தப்பவே அப்பன் போய்ச் சேந்துட்டாரு. அதனால கல்யாணத்தன்னிக்கு கோயில் வாசல்லேருந்து பீடம் வரைக்கும் அவ கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போறது நான்தான்னு அப்பவே முடிவான விசயம். எனக்குப் பொறந்தது ரெண்டும் பசங்க. பொம்பளப் புள்ள கையப் புடிச்சி அந்த நட நடக்கணும்னு எனக்கு எவ்வளவு ஆசன்னு தங்கத்துக்குத் தெரியும். வேற யார்கிட்டயும் நான் சொல்லிக்கிட்டது இல்ல.

தங்கச்சி முட்டி ஆப்பரேசன் பண்ணிட்டு கம்ப ஊனிக்கிட்டு இருக்கா. செரினா ஆஸ்பத்திரியில நர்ஸ், பகல் ஷிப்ட் ராத்திரி ஷிப்ட்னு மாறி மாறி ஓடுறா. அதனால பத்திரிகை வெக்கிற வேல அவ தம்பி லியோனல் தலையில விழுந்துச்சு. ஒரே ஒரு வேல. அதையும் பார்சல் போட்டு முடிச்சிட்டான்.

நான் சூசைநாதன். ரிட்டயர் ஆகுற வரைக்கும் இன்சூரன்சு ஏஜெண்டு. கதவு தட்டியே ரெண்டு புள்ளைங்கள ஆளாக்கினவன். கேலாங்லேருந்து ஈசூன் வரைக்கும் நான் ஏறாத மாடிப்படி இல்ல. மூஞ்சியில கதவ சாத்தியிருக்காங்க, நாய அவுத்து விட்டிருக்காங்க. காலங்காத்தால சாவப் பத்திப் பேச வந்துட்டியான்னு ஒரு அம்மா பாத்திரம் கழுவின தண்ணிய மேல ஊத்திச்சு. தொடச்சிக்கிட்டு பக்கத்து வீட்டு பெல்ல அமுக்கினேன். அப்படிப்பட்டவன் குடும்பத்துல பெல் அமுக்கப் பயப்படுற ஒருத்தன் வந்து பொறந்திருக்கான் பாருங்க.

தங்கம் பைய எடுக்கப் போனா. தொடாதேன்னுட்டேன்.

"பழம் இருக்குங்க அதுல."

"இருக்கட்டும். கூப்பிடாத பத்திரிகை வீட்டுக்குள்ள வரக்கூடாது. அங்கயே தொங்கட்டும். போறவன் வர்றவன் எல்லாம் பாக்கட்டும்."

தொங்குச்சு. வாழப்பழம் கறுத்துச்சு, கல்கண்டுக்கு எறும்பு வந்துச்சு. எறும்பு வரிசை கட்டி பக்கத்து வீட்டு ரபியா வீட்டுக்குள்ள போச்சு. ரபியா தமிழ் முஸ்லிம், எங்க காரிடார்ல ரொம்ப நாளா இருக்கிறவங்க. ஒருநாள் கேட்ட தட்டிக் கேட்டாங்க.

"அண்ணே, அந்தப் பைய எடுத்துடுங்க லா. என் சீனி டப்பா வரைக்கும் எறும்பு வந்துருச்சு."

"அது என் மருமவன் வெச்ச சீர்ம்மா. அவன் வந்துதான் எடுக்கணும்."

ரபியா என்ன ஒரு மாதிரியா பாத்துட்டுப் போனாங்க. எறும்பு மருந்து வாங்கிட்டு வந்து அவங்களே போட்டுக்கிட்டாங்க.

நான் இன்னொரு வேலையும் செஞ்சேன். பையன் அனுப்பின அந்தப் படத்த எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல போட்டேன். 'தாய்மாமனுக்கு வந்த பார்சல், கையெழுத்து கூட வாங்கல'ன்னு மேல ஒரு வரி. சித்தப்பா மவன் கண்ணுல தண்ணி வர சிரிக்கிற பொம்ம போட்டான். பினாங்குல இருக்கிற அக்கா கூட சிரிச்சா. லியோனலும் அந்தக் குரூப்புல இருக்கான். அவன் ஒண்ணும் போடல. அவன் எங்க போடப் போறான்.

அன்னிக்கே தங்கச்சி போன் பண்ணினா. அழுதுட்டா.

"அண்ணே, அவன் வேணும்னு செய்யல. அவனுக்கு ஆளப் பாத்தாலே பதட்டமாயிடுது. போன வருசம் கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் எழுந்து பேசச் சொன்னாங்களாம். பாதியில நாக்கு ஒட்டிக்கிச்சு. பாத்ரூமுக்கு ஓடிப்போயி வாந்தி எடுத்திருக்கான். இப்ப யுனிவர்சிட்டியிலயே கவுன்சிலர்கிட்ட போறான்."

"கவுன்சிலர்கிட்ட மட்டும் வாயத் தொறக்குதா?"

"அண்ணே, அது ஒரு நோய் மாதிரின்னு சொல்றாங்க."

"காய்ச்சல் அடிக்குதா? இருமல் இருக்கா? அப்புறம் என்ன நோயி? அந்தப் போன புடுங்கித் தண்ணியில போடு, ஒரே வாரத்துல எல்லாம் சரியாயிடும். நாள் பூரா அதையே பாத்துக்கிட்டு இருந்தா மனுச மூஞ்சி எப்படிப் புடிக்கும்."

"நான் வேணும்னா டாக்சி புடிச்சி வரேன்ணே. நானே வந்து கூப்பிடுறேன்."

"உன் முட்டிய வெச்சிக்கிட்டு நீ வர வேணாம். அவன் வரணும். என் வீட்டு பெல்ல அமுக்கணும். என் மூஞ்சியப் பாத்துக் கூப்பிடணும். அது வரைக்கும் நான் வர மாட்டேன். செரினா கையப் புடிக்க வேற ஆளப் பாத்துக்குங்க."

கடைசியா சொன்னது சும்மா மெரட்டல்தான். வேற ஆளு யாரு இருக்கா? அது தெரிஞ்சுதான் சொன்னேன்.

அந்த வாரம் லிட்டில் இந்தியா போயிருந்தேன். சிராங்கூன் ரோட்டுல ஒரு மாடிக்கடையில கோட்டு தைக்கக் குடுத்திருந்தேன், போட்டுப் பாக்கக் கூப்பிட்டிருந்தாங்க. வர மாட்டேன்னு சொல்லிட்டு கோட்டு எதுக்கு தைக்கிறீங்கன்னு தங்கம் கேட்டா. நான் செருப்ப மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டேன். கோட்டு தோள்ல நல்லா உக்காந்துச்சு. கீழ எறங்கி ஒரு சாப்பாட்டுக் கடையில தோசையும் இஞ்சி போட்ட தே ஹாலியாவும் சொல்லிட்டு உக்காந்தா, ரெண்டு மேச தள்ளி யாரு? நம்ம தொரைதான். கூட நாலு பேரு. எல்லாம் யுனிவர்சிட்டி பசங்க, கழுத்துல அட்டை தொங்குது.

என்ன அவன் பாக்கல. தலைய நிமித்தினாத்தான பாப்பான். அஞ்சு பேரும் போன்ல மூஞ்சிய வெச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்க. ஒருத்தருக்கொருத்தர் பேச்சு கெடையாது, ஆனா எல்லாரும் ஒரே நேரத்துல களுக்குன்னு சிரிக்கிறாங்க. அப்புறம்தான் எனக்குப் புரிஞ்சிச்சு, ஒரே மேசையில உக்காந்துக்கிட்டு போன்லதான் பேசிக்கிறாங்க. கர்மம்.

அந்தக் கடையில மேச மேல ஒரு கட்டம் ஒட்டியிருக்கும். அதப் போன்ல காட்டினா சாப்பாட்டுப் பட்டியல் வரும், அதுலயே ஆர்டர் பண்ணிடலாம். அன்னிக்குப் பாத்து அது வேல செய்யல. எனக்கு அது ஒரு பிரச்சன இல்ல, வெயிட்டர் தம்பிய கையக் காட்டிக் கூப்பிட்டேன், வந்தான், சொன்னேன், தோசை வந்திருச்சு. அதே தம்பி தோள்ல துணியப் போட்டுக்கிட்டு அவங்க மேசைக்கு ஒரு எட்டு தள்ளித்தான் நிக்கிறான். அஞ்சு பேருல ஒருத்தர் வாயத் தொறக்கணுமே. போன மேல தூக்கிப் பாக்குறாங்க, சாச்சிப் பாக்குறாங்க, கட்டத்த தண்ணி தொட்டுத் தொடைக்கிறாங்க. ஒரு பையன் போன்லயே கடையோட இணையப் பக்கத்துக்கு மெசேஜ் எழுதிக்கிட்டு இருந்தான். நீ கேளு, நீ கேளுன்னு மேசைக்கு அடியில கால உதச்சிக்கிறாங்க. வெயிட்டர் தம்பியே பாவம்னு கிட்ட வந்து "என்ன வேணும்"னு கேட்டான். அஞ்சு தலையும் படக்குன்னு குனிஞ்சிடுச்சு.

கொஞ்ச நேரத்துல எழுந்து போயிட்டாங்க. பசியோட. முக்காடு போட்ட ஒரு பொண்ணு மட்டும் போறப்ப அந்தத் தம்பியப் பாத்து சிரிக்கப் பாத்துச்சு, அதுவும் பாதியில நின்னுடுச்சு.

"என்னண்ணே, அவங்களுக்குச் சாப்பாடு வேணாமாமா?"ன்னு தம்பி என்கிட்ட கேட்டான்.

"வேணும்பா. கேக்கத் தெரியல."

இந்தப் பசங்கதான் நாளைக்கு ஆபீசுல உக்காந்து நாட்ட நடத்தப் போறாங்க. நான் இன்னொரு தோசை வாங்கித் தின்னேன். அவங்க தின்னாம போனதயும் சேத்துத் தின்ன மாதிரி நல்லா எறங்குச்சு.

அடுத்த சனிக்கெழம மத்தியானம் லியோனல் வந்தான். காரிடார் பக்கம் இருக்கிற ரூம் ஜன்னல்ல தெர போட்டிருக்கும், தெரைக்கு ஓரமா நின்னா லிஃப்ட் வரைக்கும் தெரியும். இஸ்திரி போட்ட சட்ட, கையில புதுசா ஒரு பை. தல வாரியிருக்கான். ரபியாவோட பூந்தொட்டி வரைக்கும் வந்தான், நின்னான். போன எடுத்துப் பாத்தான். வாயி அசையுது. என்ன சொல்லணும்னு அதுல எழுதி வெச்சிருப்பான் போல, பரிச்ச மாதிரி படிக்கிறான். சொந்த மாமன் வீட்டுக்கு வர்றதுக்கு.

கேட்டுகிட்ட வந்து பெல்லுக்கு வெரல நீட்டினான். மடக்கிக்கிட்டான். மறுபடியும் நீட்டினான். பழைய பை இன்னும் தொங்குதுல்ல, அதப் பாத்தான். மூஞ்சி சுருங்கிப் போச்சு.

என் போன்ல வெளிச்சம் வந்துச்சு. சத்தத்த நான் முன்னாடியே அமுக்கி வெச்சிட்டேன். மாமா, வீட்ல இருக்கீங்களான்னு கேட்டிருக்கான். தொறந்து படிச்சேன். படிச்சிட்டேன்னு அவனுக்குக் காட்டிக் குடுக்குற நீலக் கோடு விழணும்னுதான் படிச்சேன். நான் உள்ள இருக்கிறது அவனுக்குத் தெரியும், அவன் வெளிய நிக்கிறது எனக்குத் தெரியும். நடுவுல இருக்கிறது ஒரு கதவு, அதுல ஒரு பெல்லு, அவ்வளவுதான்.

"தொறந்துடுங்க. பாவம் புள்ள"ன்னு தங்கம் என் கையப் புடிச்சா.

"நீ கதவுகிட்ட போனேன்னா, அப்புறம் நடக்கிறது வேற."

அவன் படிக்கட்டுல போயி உக்காந்துட்டான். ரெண்டு கையையும் முட்டியில கட்டிக்கிட்டு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குறான். ரபியா வந்து பாத்துட்டு தண்ணி குடுத்தாங்க, முதுகத் தடவி விட்டாங்க. அப்புறம் எழுந்து போயிட்டான், பையோட. நான் சிரிச்சேன். ஆமா, சிரிச்சேன், அதுல என்ன? பெல் அமுக்கறதுக்கு முதுகு தடவ ஆள் வேணும்னா யாருக்குத்தான் சிரிப்பு வராது.

அடுத்த வாரமும் வந்தான், இதே கூத்து. இந்தத் தடவ லிஃப்ட் கதவ விட்டே தாண்டல. குரூப்புல எழுதினேன்: பார்சல் இன்னிக்கு லிஃப்ட் வரைக்கும் வந்து ரிட்டர்ன் போயிடுச்சு. இந்தத் தடவ சித்தப்பா மவன் மட்டும்தான் சிரிச்சான். மத்தவங்க படிச்சிட்டு சும்மா இருந்தாங்க. எல்லாருக்கும் கல்யாண வேல இருக்கும்னு நெனச்சிக்கிட்டேன்.

கோயில்ல மூணாவது ஓலையும் வாசிச்சாச்சு. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம்னு சாமியார் பூசையில படிக்கிறப்ப நான் நிமிந்து உக்காந்தேன். பூச முடிஞ்சு வெளிய வந்தா நாலு பேரு கைய குடுத்து, "நீங்கதான் கூட்டிட்டு வர்றீங்களா"ன்னு கேக்குறாங்க. பின்ன யாருன்னேன்.

செரினா வந்தா. ஷிப்ட் முடிச்சி நேரா வந்திருக்கா, யூனிபாரத்தோட, கண்ணுக்குக் கீழ கறுப்பா இருக்கு. பெல்ல அமுக்கினா, தோத்திரம் மாமான்னா, உள்ள வந்து உக்காந்தா. புள்ளைன்னா இது புள்ள. ஒரே வயித்துல பொறந்தது எப்படி இப்படி ரெண்டு விதமா இருக்குன்னு எனக்கு இன்னும் புரியல.

"மாமா, நான் கூப்பிடுறேன். வாயாலதான் கூப்பிடுறேன். போதாதா?"

"நீ கல்யாணப் பொண்ணு. தன் கல்யாணத்துக்குத் தானே பத்திரிகை வெக்கிறது எங்கயாச்சும் உண்டா? அவன் ஒரு ஆம்பளப் புள்ள, உங்க வீட்டுக்கு ஒரே ஆம்பள. அவன் வரட்டும்."

"வந்தானே மாமா. ரெண்டு தடவ வந்தான்."

"வாசல் வரைக்கும் போஸ்ட்மேன் கூடத்தான் வர்றாரு."

அவ டீ கிளாஸத் தள்ளி வெச்சா. அப்புறம் கேட்டா, "நீங்க ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தீங்கன்னு ரபியா ஆன்ட்டி சொன்னாங்க. தெர ஆடுச்சாம்."

"பாத்தேன். என் ஜன்னல், நான் பாக்குறேன்."

"அவன் மூச்சு முட்டிப் போயி உக்காந்திருந்தப்பவுமா?"

"எல்லாம் நடிப்புடா கண்ணு. நீங்க ரெண்டு பேரும் செல்லம் குடுத்து குடுத்து..."

"வார்டுல நான் தெனம் பாக்குறேன் மாமா. அது நடிப்பு இல்ல." அவ கொரல் ஒசரல. "குரூப்புல நீங்க போட்டதெல்லாம் அவன் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிறான். சாப்பிடுறப்பவும் படிக்கிறான். போன வெச்சிடுடான்னா, மாமா இன்னும் என்ன எழுதுறாருன்னு பாக்கணும்கிறான்."

"அப்ப நல்லா ஒறைக்கட்டும். நான் என்ன சொத்தையா கேட்டேன்? நேர்ல வந்து, என் மூஞ்சியப் பாத்து, வாயத் தொறந்து சொல்லணும். எதா இருந்தாலும் நேர்ல சொல்லத் தெரியணும். அதான் மனுசனுக்கு மரியாத. அது வரைக்கும் நான் வர மாட்டேன். இதான் என் கடைசி வார்த்த."

"கடைசி வார்த்தையா மாமா?"

"ஆமா."

சரின்னா. அடுப்படிக்குப் போயி தங்கத்த கட்டிப் புடிச்சிட்டு, என்னப் பாத்து தலைய ஆட்டிட்டுப் போனா. டீ போட்டு வெச்சது அப்படியே ஆறிப் போச்சு. நான் ஜெயிச்சிட்டேன்னு நெனச்சேன். இனிமே அவ போயி அவன உலுக்கி அனுப்புவான்னு நெனச்சேன்.

கல்யாணத்துக்கு முந்துன ஞாயித்துக்கெழம, பூசைக்குப் போயிட்டு வந்து சட்டையக் கழட்டிக்கிட்டு இருக்கேன், பெல் அடிச்சிச்சு. பயந்து பயந்து அமுக்கின பெல்லு இல்ல. அழுத்தி, முழுசா அடிச்சது. ஜன்னல்ல போயி பாத்தேன். லியோனல்.

நான் அவசரப்படல. கழட்டின சட்டைய மறுபடி போட்டுக்கிட்டேன், பட்டன் எல்லாம் போட்டேன், தல சீவினேன். சோபாவுல நடுவுல உக்காந்துக்கிட்டுத்தான் தங்கத்துக்குக் கண்ணக் காட்டினேன். அவ ஓடிப் போயி தொறந்தா.

உள்ள வந்தான். காது ரெண்டும் செவந்திருக்கு, சட்ட முதுகு ஈரம். கைய எங்க வெக்கிறதுன்னு தெரியாம பேண்டுல தேச்சிக்கிட்டு இருக்கான். கையில பையும் இல்ல, தட்டும் இல்ல. அதயும் கவனிச்சேன். சரி, வாயாவது வந்துச்சேன்னு விட்டுட்டேன்.

"போன் எங்க தொர?"

"கீழ ஹம்னாகிட்ட குடுத்துட்டு வந்தேன் மாமா. கையில இருந்தா அதையே பாத்துக்கிட்டு நிப்பேன்."

"யாரு ஹம்னா?"

"கூடப் படிக்கிறவ. தொணைக்கு வந்தா."

"முக்காடு போட்ட பொண்ணா? அன்னிக்கு லிட்டில் இந்தியாவுல தோச கேக்கத் தெரியாம பட்டினியா எழுந்து போனீங்களே, அதுல ஒருத்தியா?"

அவன் மூஞ்சி வெளிறிப் போச்சு. நான் பாத்திருக்கேன்னு அவனுக்கு அப்பத்தான் தெரியும். தங்கம் என்ன மொறைச்சா. உக்காருய்யான்னு அவன்கிட்ட சொன்னா.

"நிக்கட்டும். வந்த விசயத்த நின்னுக்கிட்டே சொல்லட்டும்"னேன்.

அவன் மூச்ச இழுத்தான். ஆரம்பிச்சான், நிறுத்தினான், மறுபடி ஆரம்பிச்சான்.

"மாமா, நீங்களும் அத்தையும் அண்ணனுங்களும் அக்கா கல்யாணத்துக்கு வரணும்."

சாஞ்சு உக்காந்தேன். மனசு அப்படிக் குளுந்துச்சு. இத மொத நாளே சொல்லியிருந்தா இவ்வளவு கூத்து இருந்திருக்குமா?

"வந்து நின்னு நடத்திக் குடுக்கணும்னு சொல்லணும்டா. அதான் மொற. எங்க, முழுசா சொல்லு."

அவன் தலைய ஆட்டினான்.

"இல்ல மாமா. அது இல்ல. வரணும், மொத வரிசையில எடம் வெச்சிருக்கோம். ஆனா அக்காவ பீடத்துக்குக் கூட்டிட்டுப் போறது அம்மா. அக்கா முடிவு பண்ணிட்டா. சாமியார்கிட்டயும் சொல்லியாச்சு."

எனக்குச் சட்டுனு ஏறல. "யாரு? உங்கம்மாவா? கம்ப ஊனிக்கிட்டா?"

"ஆமா மாமா. மெதுவாத்தான் நடப்பாங்க. பாட்ட ரெண்டு தடவ பாடிக்கிறோம்னு கொயர்ல சொல்லிட்டாங்க."

"இத உங்கக்கா சொல்லி விட்டாளா? உன்கிட்டயா?"

"அக்கா மெசேஜ் பண்ணிடுறேன்னுதான் சொன்னா. நான்தான் வேணாம்னேன். மெசேஜ்ல சொன்னா மாமாவுக்கு மரியாத இல்ல, நேர்ல போயி மூஞ்சியப் பாத்துச் சொல்றேன்னு நான்தான் கேட்டு வந்தேன்."

நக்கலா சொல்லியிருந்தா அறஞ்சிருப்பேன். அவன் நக்கல் பண்ணல. அவனுக்கு அதெல்லாம் வராது. ஒதட்டுக்கு மேல வேர்வ நிக்குது, கண்ணு மட்டும் என் மூஞ்சிய விட்டு நகரல. நான்தான் டிவி பக்கம் திரும்பினேன். டிவி ஓடல.

"மன்னிச்சுக்குங்க மாமா"ன்னான். எதுக்குன்னு சொல்லல. தண்ணி கெடைக்குமா அத்தைன்னு கேட்டான். தங்கம் கொண்டு வந்து குடுத்தா, நின்னுக்கிட்டே முழுசும் குடிச்சான். கிளாஸ ரெண்டு கையாலயும் அவகிட்ட திருப்பிக் குடுத்தான். தோத்திரம் மாமான்னு சொல்லிட்டு, கேட்ட சத்தம் வராம சாத்திட்டுப் போனான்.

பேசியே பொழச்சவங்க நான். மூஞ்சியில கதவ சாத்தினவங்க வீட்லயே மறுவாரம் பாலிசி போட வெச்சவன். இருபது வயசு தாண்டின ஒரு பொடியன், தோச கேக்கத் தெரியாதவன், பெல்லுக்கு வெரல நீட்டிட்டு மடக்கினவன், என் வீட்டு நடுக்கூடத்துல நின்னு என் நடைய என்கிட்டேருந்து எடுத்துக்கிட்டுப் போறான். டேய் நில்லுடான்னு ஒரு வார்த்த என் வாயில வரல.

தங்கம் கிளாஸக் கழுவி வெச்சிட்டு வந்தா. அவ என்னத் திட்டல. திட்டியிருந்தா தேவலாம்.

"பிலோமிக்குப் போன் போடுங்க. அண்ணன் தங்கச்சி பேசினா எதுவும் மாறும். தப்பாயிடுச்சும்மா, நானே கூட்டிட்டுப் போறேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அவ மாட்டேன்னு சொல்ல மாட்டா. இப்பவே பேசுங்க."

சொன்னா மாறும், எனக்கும் தெரியும். போன எடுத்துக்கிட்டு ரூமுக்குள்ள போயி கதவ சாத்திக்கிட்டேன். பிலோமி பேரத் தொட்டேன். மணி போறதுக்கு முன்னாடி அமுக்கி நிறுத்திட்டேன். என்ன சொல்லி ஆரம்பிக்கிறது? அவ எடுத்து, சொல்லுண்ணேன்னு சொல்லுவா. அப்புறம் நான் பேசணும். அவ சும்மா இருப்பா. மறுபடி தொட்டேன். ஒரு மணி போச்சு. உள்ளங்கைய சட்டையில தேச்சிக்கிட்டேன். கட் பண்ணிட்டேன்.

எழுதிடலாம்னு பாத்தேன். 'பிலோமி, நானே...'ன்னு எழுதினேன், அழிச்சேன். அண்ணன் மேல கோவமான்னு எழுதினேன், அதயும் அழிச்சேன். ரொம்ப நேரம் போனையே பாத்துக்கிட்டு கட்டில்ல உக்காந்திருந்தேன். கடைசியில கட்ட வெரலத் தூக்கிக் காட்டுற அந்த மஞ்சப் பொம்ம ஒண்ண அனுப்பிட்டு, போனக் கவுத்து வெச்சிட்டேன்.

வெளிய வந்தப்ப தங்கம் வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருந்தா. நிமிந்து பாத்தா.

"பேசிட்டீங்களா?"

"பேசிட்டேன்"னேன்.